கைக்குத் தெரிந்த அலமாரி

ஐயா, வணக்கம்.

மதுரையில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் அண்ணனின் விபத்தைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்ததால் இதைக் கேட்கிறேன். என்னிடம் பதினான்கு வருடமாக வேலை பார்க்கும் தம்பி ஒருவர், போன தீபாவளிக்கு முந்தின வாரம் காலையில் கடைக்கு வரும் வழியில் பைக்கிலிருந்து விழுந்துவிட்டார். தலையில் அடி. பன்னிரண்டு நாள் ஐசியூ. ஏழாவது மாதம் வேலைக்கு வந்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று கவுன்டரில் விட்டேன். பார்க்க முன்பு மாதிரியேதான் இருக்கிறார். ஆனால் பில்லில் ஒரு ஐட்டம் விட்டுப்போகிறது, சில்லறை தப்பாகக் கொடுக்கிறார், மதியத்துக்கு மேல் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுகிறார். பத்தாவது நாள் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கத்திவிட்டார். ஆச்சரியம் என்னவென்றால், எந்த பேரிங் எந்த டப்பாவில் என்று கேட்டால் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுக்கிறார். விசாரித்தால் "எனக்கு ஒண்ணுமில்லண்ணே" என்கிறார். "முழுசாகச் சரியானதும் வா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். செய்தது சரியா என்று தெரியவில்லை. தூக்கம் வரவில்லை.

பெயர் வேண்டாம், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இரண்டு மூன்று முறை படித்தேன். அவர் வேலைக்குத் திரும்புவதற்கான வழி அதில்தான் இருக்கிறது.

வேகமாகப் போகிற தலை சட்டென்று நிற்கும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியும் காதோரப் பகுதியும்தான் பெரும்பாலும் அடிபடுகின்றன. மண்டையோட்டின் உட்புறம் அங்கேதான் மேடுபள்ளமாக இருக்கிறது. இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் கவனிப்பது, அடுத்து என்ன என்று வரிசைப்படுத்துவது, வந்த கோபத்தை விழுங்குவது எல்லாம் நெற்றிப் பகுதியின் பொறுப்பு. இப்போது கேட்டதைப் பதிய வைப்பதில் காதோரப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. பதினான்கு வருடம் கை பழகிய அலமாரி மூளையில் வேறு விதமாகப் பதிந்திருக்கிறது, அது அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. உங்கள் கவுன்டரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கிளட்ச் கேபிள் கேட்கிறார், இன்னொருவர் விலை கேட்கிறார், போன் அடிக்கிறது, வெளியே ஒருவர் ஹாரன் அடித்துக் கூப்பிடுகிறார். உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று நீங்கள் கொடுத்தது, கடையிலேயே அவருக்கு மிகக் கஷ்டமான வேலை.

"ஒண்ணுமில்லண்ணே" என்பது பொய்யும் இல்லை, வீம்பும் இல்லை. தன்னிடம் என்ன குறைந்திருக்கிறது என்று அறிவதும் மூளையின் வேலைதான், அதற்கும் அடி பட்டிருக்கலாம். அதற்காக அவரோடு வாதாட வேண்டாம். மாலையில் பக்கத்தில் உட்கார வைத்து அன்றைய பில்களைச் சேர்ந்து பாருங்கள். அவரே கண்டுபிடிக்கிற ஒரு தப்பு, நீங்கள் சொல்லிக்காட்டுகிற பத்தைவிட உதவும்.

அனுப்பியது சரியா என்று கேட்டீர்கள். இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முழுசாகச் சரியான பிறகு வேலை என்று வைத்தால் அந்த நாள் வராமலே போகலாம். வீட்டில் சும்மா இருக்கிறவருக்கு மூளை எதில் பழகும்?

பினியஸ் கேஜ் என்று ஒருவர். 1848 செப்டம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதை போடும்போது பாறைக்கு வைத்த வெடி வெடித்து, ஆறு கிலோ இரும்புக் கம்பி ஒன்று கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. பிழைத்தார். அப்போது வயது 25, ஃபோர்மேன். விபத்துக்கு முன்பு அவரைத் திறமைசாலி என்று கொண்டாடிய கான்டிராக்டர்கள், குணம் மாறிவிட்டது என்று அந்த இடத்தைத் திருப்பித் தரவில்லை. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகின்றன, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவர் குதிரை லாயத்தில் வேலை பார்த்தார், 1852-ல் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். ஆறு குதிரை பூட்டிய பயணிகள் வண்டி! தினமும் அதே குதிரைகளைக் கவனிப்பது, அதே பாதையில் போவது என்ற ஒழுங்குதான் அவரைத் தேற்றியிருக்க வேண்டும் என்று அவரைப் பற்றி விரிவாக ஆராய்ந்த மால்கம் மக்மில்லன் சொல்கிறார். நானும் அதை நம்புகிறேன், வீட்டிலேயே பார்த்ததால்.

அண்ணன் பஸ் கண்டக்டர். 2009-ல் விபத்து. மறுபடி பஸ்ஸில் ஏறியபோது மூன்றாவது டிரிப்பில் டிக்கெட் கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் டிப்போ ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த ஸ்டோர் கீப்பர் ஒரு காரியம் செய்தார். சட்டைப் பையில் அடங்குகிற நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து, "எது சொன்னாலும் இதுல எழுதுப்பா, துண்டுச் சீட்டு வேண்டாம்" என்றார். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், முடித்ததும் ஒரு டிக். அண்ணன் நோட்டைத் திறந்த பிறகுதான் ஸ்டோர் கீப்பர் எந்த வேலையையும் சொல்வார். பகல் ஒரு மணிக்கு அண்ணன் பழைய டயர் ரூமில் பாயை விரித்து, முகத்தில் துண்டைப் போட்டு அரை மணி நேரம் படுப்பார். பார்க்கிறவர்கள் சோம்பேறி என்றார்கள். அந்தச் சோர்வு நம்முடைய களைப்பு மாதிரி இல்லை. அவர் வார்த்தையில் சொன்னால், "பேட்டரி இறங்கின மாதிரிடா, சத்தம் கேட்டாலே வலிக்குது." இரண்டு வருடத்தில் பன்னிரண்டு நோட்டு. இன்னும் வைத்திருக்கிறோம்.

உங்கள் தம்பியை முதலில் கவுன்டரிலிருந்து உள்ளே கொண்டுபோங்கள். சரக்குப் பிரித்து அடுக்குவது, ஆர்டருக்கு எடுத்து வைப்பது என்று கைக்குத் தெரிந்த வேலையாக, காலையில் இரண்டு மணி நேரம், ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரம் நன்றாகப் போனால் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டுகிற வாரத்தில் புது வேலை கொடுக்க வேண்டாம். சொல்கிறவர் ஒரே ஆளாக இருக்கட்டும். கல்லாவை இப்போதைக்கு விட்டுவிடலாம், பணம் குறைந்தால் பழி அவர் மேல்தான் விழும். கத்துவதற்கு முன்னால் ஏதாவது அடையாளம் தெரியும், அண்ணனுக்குக் காது மடல் சிவக்கும். அதைப் பார்த்ததும் டீ வாங்க அனுப்புங்கள். கூட வேலை பார்ப்பவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது, ஆனால் அவரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். டாக்டர் சரி என்று சொல்லாமல் ஏணியில் ஏறவோ பைக் ஓட்டவோ விடாதீர்கள். தலைக்காயத்துக்குப் பிறகு வலிப்பு வருடங்கள் கழித்தும் வரலாம். கேஜ் 1860-ல் வலிப்பு வந்துதான் இறந்தார். டாக்டர் கொடுத்த மாத்திரையை உங்கள் தம்பி அவராக நிறுத்தக் கூடாது.

அண்ணனின் வேலையைக் காப்பாற்றியது 1995-ன் ஊனமுற்றோர் சட்டம், 47-வது பிரிவு. இப்போது அது 2016 சட்டத்தின் 20-வது பிரிவில் இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை அரசு நிறுவனம் நீக்க முடியாது, அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். தனியார் கடைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் உங்கள் தம்பிக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு இருந்தால் உடனே விசாரியுங்கள். 2010-ல் வந்த திருத்தத்திலிருந்து, வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்தையும் வேலையில் பட்ட காயமாக எடுத்துக்கொள்ளலாம், நேரமும் வழியும் பொருந்த வேண்டும். வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும்.

முடிந்தால் ஒருமுறை வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கோ பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். எந்தத் திறன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நியூரோசைக்காலஜிஸ்ட் சோதித்துச் சொல்வார், வேலையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொல்வார். வேலூர் பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு மையத்துக்கு டாக்டர் மேரி வர்கீஸ் பெயர். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அதன் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்.

நாளைக்கே அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். போகும்போது ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு போங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன வேலைக்கு வரவேண்டும் என்று முதல் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.