ஐந்தே வருடத்தில் டாக்டரா?

கேள்வி: எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. மகள் நீட் தேர்வில் தகுதி பெற்றுவிட்டாள். ஆனால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. வெளிநாட்டில் ஐந்தே வருடத்தில் மருத்துவம் முடிக்கலாம், ஹவுஸ் சர்ஜன்சியை ஊருக்கு வந்து செய்துகொண்டால் போதும் என்று பொள்ளாச்சி ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். இந்த வாரமே மொத்தக் கட்டணத்தையும் கட்டினால் தள்ளுபடி உண்டாம். கட்டலாமா?
- வாசகி ஒருவர், பாலக்காடு மாவட்டம்

பதில்: அவர் சொல்லும் கணக்கை நம்பிக் கட்ட வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, வெளிநாட்டில் படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது. அதற்கு மேல், அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதங்கள் பயிற்சி மருத்துவராகவும் இருந்தாக வேண்டும். இரண்டையும் கூட்டினால் 66 மாதங்கள், அதாவது ஐந்தரை வருடங்கள் ஆகின்றன. ஊர் திரும்பியபின் இங்கே செய்யும் ஓராண்டுப் பயிற்சி அதற்கு ஈடாகாது. அது தனிக் கணக்கு.

பெற்றோர் பெரும்பாலும் விசாரிக்கத் தவறுவது உரிமத்தைப் பற்றித்தான். படித்த நாட்டிலேயே, அந்நாட்டுக் குடிமக்களுக்குச் சமமாக மருத்துவத் தொழில் செய்யும் உரிமம் உங்கள் மகளுக்கும் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று விதி கூறுகிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த உரிமம் உண்டா என்பதைக் கல்லூரியிடமோ ஏஜென்ட்டிடமோ கேட்காமல், அந்நாட்டின் மருத்துவ உரிம அமைப்பிடமே எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள்.

ஆங்கிலத்தில் பாடம் நடத்தப்பட வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் வார்டில் படுத்திருக்கும் நோயாளி ஆங்கிலம் பேச மாட்டார். மலையாளம் மட்டும் அறிந்த டாக்டரிடம் தமிழில் தம் நோவை விளக்கிச் சொல்ல முடியாமல், மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடி தாண்டிப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறும் முதியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரஷ்யாவிலோ கிர்கிஸ்தானிலோ உங்கள் மகள் அந்த டாக்டரின் நிலையில் இருப்பார். உள்ளூர் மொழியை முதல் வருடத்திலேயே ஊன்றிக் கற்காதவர்கள் நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே பட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள்; அந்தக் குறை, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்க எழுத வேண்டிய தகுதித் தேர்வில் தெரிந்துவிடுகிறது. ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படும் அந்தத் தேர்வில் 300 கேள்விகளுக்கு 150 மதிப்பெண் எடுத்தால் போதும், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. அப்படியிருந்தும் சில முறை ஐந்தில் ஒருவர் அளவுக்கே தேறியிருக்கிறார்கள்.

மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நடுவில் கல்லூரி மாற நேர்ந்தால் பணம் சிக்கிக்கொள்ளலாம்; மாறுவதும் எளிதல்ல. படிப்பு முழுவதும் ஒரே நிறுவனத்தில் நடக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கு படித்த மாணவர்கள் வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாற ஆணையம் தனியே விலக்கு அளிக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு கட்டும் ஏற்பாடு இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

வெளிநாட்டுச் சேர்க்கைக்கு நீட் தகுதி மூன்று ஆண்டுகள் செல்லும். ஆகவே உரிம அமைப்பின் பதில் வரும்வரை நீங்கள் தாராளமாகக் காத்திருக்கலாம்.