கண்ணாடிக்கு மெட்டு கிடையாது (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வங்கிப் பணியிலிருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். சிறுவயதில் ஏழு வருடம் வீணை கற்றுக்கொண்டு, வர்ணங்களைத் தாண்டிச் சில கீர்த்தனைகள் வரை வந்திருந்தேன், திருமணத்தோடு விட்டுப்போயிற்று. வீணையும் இப்போது என்னிடம் இல்லை. மகன் ஓர் ஐபேட் வாங்கித் தந்து, இதிலேயே இசையமைக்கலாம் என்கிறான். கேரேஜ்பேண்ட் என்ற இசைப்பதிவுச் செயலியைத் திறந்து, அதிலுள்ள பியானோவில் தோடி ராகம் வாசித்துப் பார்த்தேன். அது தோடியாக இல்லை. ஒரு மிடி கீபோர்டு வாங்கி இணைத்தால் சரியாகிவிடும் என்கிறான் மகன். என் தங்கையோ, "கண்ணாடியைத் தேய்ப்பதெல்லாம் ஒரு சங்கீதமா" என்று சிரிக்கிறாள். கீபோர்டு வாங்கலாமா? இதில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

ஒரு வாசகி, கும்பகோணம்
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

கீபோர்டு வாங்க வேண்டாம். உங்கள் தோடி தோடியாக ஒலிக்காததற்குக் காரணம் ஐபேட் அல்ல, அதன் திரையில் வரையப்பட்டிருக்கும் பியானோ. அதையே பிளாஸ்டிக் கட்டைகளாக மேசைமேல் வைத்துக்கொண்டால் விரலுக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கும், குறை அப்படியே இருக்கும்.

தோடியின் காந்தாரத்தையே (ஸரிகமவில் வரும் 'க') எடுத்துக்கொள்வோம். பியானோக் கட்டையில் அது ஓர் அசையாத புள்ளி. வீணையில் நீங்கள் வாசித்த காந்தாரமோ அந்தப் புள்ளியில் நிற்பதே இல்லை. ரிஷபத்தை ('ரி') ஒட்டிய இடத்தில் கிளம்பி மத்யமத்தை ('ம') தொட்டுத் தொட்டுத் திரும்பும் அந்த அசைவு முழுவதற்கும்தான் தோடியில் காந்தாரம் என்று பெயர். கட்டையை அழுத்தினால் ஒலிக்கும், விட்டால் நிற்கும், நடுவில் போக அதற்கு இடம் இல்லை. மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி என்னும் ஏற்பாடும் இந்தக் கட்டையை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் 0 முதல் 127 வரை ஒரு முழு எண். சுருதியை வளைக்கத் தனியாக ஒரு சக்கரம் உண்டு, அதை இடது கையால் உருட்டியே கமகம் (சுரத்தின் இந்த அசைவு) வாசிக்கும் வித்வான்களும் இருக்கிறார்கள் என்றாலும், அது பல வருட உழைப்பு. வீணைக் கை உள்ளவர் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டியதில்லை.

சுரங்களுக்கு நடுவில் போக இடமில்லை என்ற இதே குற்றச்சாட்டில்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. (அந்த முப்பது ஆண்டுகளும் நம் நாடக மேடையின் பின்பாட்டுக்காரர் கவலைப்படாமல் துருத்தியை அசைத்துக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.) ஆகவே உங்கள் தங்கை சிரிக்க வேண்டியது கட்டையைப் பார்த்து. கண்ணாடிக்குக் கட்டையும் இல்லை, வீணைத் தண்டில் சுர இடங்களைப் பிரிக்கும் மெட்டும் இல்லை. விரலை வைத்து இழுத்தால் ஒலியும் உடன் இழுபடும். அந்த வகையில் அது பியானோவைவிட, மெட்டில்லாத வீணையான கோட்டுவாத்தியத்துக்கு நெருக்கமானது.

ஜியோஷ்ரெட் என்ற செயலியைப் பாருங்கள். அதன் திரையில் தந்திகளைப் போல வரிசைகள் இருக்கும். ஒரே வரிசையில் விரலை எடுக்காமல் நகர்த்தி ரிஷபத்திலிருந்து மத்யமத்துக்குப் போய் வரலாம். மகேஷ் ராகவன் பல ஆண்டுகளாக ஐபேடில் கர்நாடக சங்கீதம் வாசித்து வருவது இந்தச் செயலியைக் கொண்டுதான். அவருடைய காணொளிகளில் ஒலியைக் கேட்பதோடு விரலையும் கவனியுங்கள், அது தட்டுவதில்லை, வழுக்குகிறது. முதலில் நீங்கள் கைவைக்க வேண்டியது ஓர் அமைப்பில். விரல் எங்கே விழுந்தாலும் ஒலியை அருகிலுள்ள சுரஸ்தானத்துக்குத் தானாக இழுத்துக்கொள்ளும் வசதி ஒன்று அதில் உண்டு. மேற்கத்திய இசை வாசிப்பவருக்கு அது வரம், கமகத்துக்கு அது பிடிவாதக்காரப் பக்கவாத்தியம்: நீங்கள் அசைத்துக்கொண்டே இருக்க, அது நேர்ப்படுத்திக்கொண்டே இருக்கும். அதை மிகவும் குறையுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். அணைத்ததும் எல்லாம் அபசுரமாகக் கேட்கும். பயப்படாதீர்கள், காது ஒரு வாரத்தில் விரலைத் திருத்திவிடும்.

கண்ணாடியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது விரலை எதிர்த்துத் திரும்ப இழுக்கிறது. எவ்வளவு இழுத்தால் மத்யமம் என்பதை உங்கள் விரல் நுனி அந்த எதிர்ப்பின் கனத்தால்தான் கற்றுக்கொண்டது. கண்ணாடி எதிர்ப்பதில்லை. கண்ணை மூடினால் விரலுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. ஆகவே வீணையின் இழுப்பை அப்படியே இங்கே கொண்டுவர முயலாதீர்கள், பாட்டைக் கொண்டுவாருங்கள்: சங்கதியை (பாட்டு வரியின் ஒவ்வொரு மாறுபாட்டையும்) முதலில் வாயால் பாடி, பிறகு விரலை அதன் பின்னால் போக விடுங்கள். தம்பூரா ஒலிக்கு ஒரு செயலி வைத்துக்கொள்வது அவசியம். எதிர்ப்பு இல்லாத இடத்தில் சுருதிதான் கைப்பிடி.

செலவு செய்தே ஆக வேண்டுமென்றால், ஒயரோடு கூடிய ஹெட்போனுக்குச் செய்யுங்கள். உங்கள் ஐபேடில் ஹெட்போன் துளை இல்லையென்றால் சின்ன அடாப்டர் ஒன்று போதும். நான் ஒரு புளூடூத் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் வாசித்து, வயதாகிவிட்டது, காலப்பிரமாணம் கைவிட்டுப்போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். குற்றம் என்னுடையதல்ல. ஐபேட் ஒலியைச் சிறு துண்டுகளாக அனுப்புகிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுத்த எண்கள்), ஒரு துண்டுக்கு 256 என்று வைத்தால் தாமதம் ஏறக்குறைய 5 மில்லிவிநாடி. ஒலி அந்த நேரத்தில் காற்றில் இரண்டு மீட்டர்கூடப் போகாது, அதாவது எதிரில் உட்கார்ந்திருப்பவர் வாசிப்பதைக் கேட்பது போல. புளூடூத்தில் அது 200 மில்லிவிநாடியைக்கூடத் தொடலாம், கிட்டத்தட்ட எழுபது மீட்டர். தெருவின் மறுகோடியில் சுவாமி புறப்பாட்டுத் தவில் கேட்க, இங்கே உட்கார்ந்து அதற்குத் தாளம் போடுவதை நினைத்துப் பாருங்கள்.

கேரேஜ்பேண்டையும் அழித்துவிட வேண்டாம். அதன் பயன் பதிவு செய்வதில் இருக்கிறது. அதன் ஒலிவாங்கிப் பகுதியில் உங்கள் குரலில் ஒரு பல்லவியைப் பதியுங்கள், ஜியோஷ்ரெட்டில் வாசித்ததை இன்னொரு தடமாக அதன்மேல் வையுங்கள், இரண்டும் எங்கே பிரிகின்றன என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் வீட்டில் வாசித்த நமக்கு நம் வாசிப்பை நாமே கேட்கும் வாய்ப்பு அநேகமாகக் கிடைத்ததில்லை. நீங்கள் கேட்ட "உருப்படியாக ஏதாவது" என்பது அங்கிருந்துதான் தொடங்கும் என்று நினைக்கிறேன்.

தாளத்தில் மட்டும் அது கொஞ்சம் கெடுபிடி செய்யும். 4/4, 3/4, 6/8 என்ற மூன்று கணக்குகளையே ஐபேடின் கேரேஜ்பேண்ட் தருகிறது. ஆதி தாளம் 4/4இல் இரண்டு கட்டமாக உட்கார்ந்துவிடும், ரூபகத்துக்கும் 3/4 உண்டு, மிஸ்ர சாப்பின் ஏழுக்கு அதில் இடமே கிடையாது. அப்படிப்பட்ட பாட்டு என்றால், தாளம் தட்டும் மெட்ரோனோமை அணைத்துவிட்டு, திரையில் ஓடும் கட்டங்களைப் பார்க்காமல், தொடையில் தாளம் போட்டு முதலில் குரலைப் பதிந்துவிடுங்கள். மற்ற தடங்கள் அதைக் கேட்டு வரட்டும்.