ஆளைப் பார்த்து நாற்காலி போடாதீர்கள்: தொழில் வளரும்போது ஆள் திட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறேன். 45 பேர் வேலை செய்கிறார்கள். இதுவரை ஜாப் ஒர்க்தான், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. இப்போது நேரடி ஆர்டர்கள் வருகின்றன. ஒரு வருடத்தில் 90 பேர் ஆகிவிடும் போலிருக்கிறது. நூல்கண்டு வாங்குவது முதல் லீவு கேட்பது வரை எல்லாம் என்னிடமே வருகிறது. ஒரு மேனேஜரைப் போட்டுவிட்டால் சரியாகுமா?

மேனேஜர் தேவைதான். ஆனால் அவர் வர வேண்டியது முதலில் அல்ல, கடைசியில்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு, உங்களிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு வரியில் எழுதுங்கள்: யார் கேட்டது, என்ன கேட்டது, எவ்வளவு பணம் சம்பந்தப்பட்டது. பிறகு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று குவியல் விழும். ஒன்று சரக்கு: லேபிள் வரவில்லை, பிரிண்டிங்குக்குப் போன கட்டு திரும்பவில்லை. இரண்டாவது தரம்: இந்தக் கறை பரவாயில்லையா, அளவு அரை சென்டிமீட்டர் குறைகிறதே என்பது. மூன்றாவது ஆள்: லீவு, அட்வான்ஸ், சண்டை. எந்தக் குவியல் பெரியதோ, அங்கேதான் ஒரு பதவி காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் இத்தனை நாள் நீங்கள் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்து வந்திருக்கிறீர்கள்.

அடுத்து ஒரு சார்ட் பேப்பரில் 90 பேர் இருக்கும் கம்பெனியை வரையுங்கள், இன்றைய கம்பெனியை அல்ல. கட்டங்களில் வேலையின் பெயர் மட்டும் இருக்கட்டும்: மெர்சன்டைசிங் (ஆர்டரைப் பின்தொடர்வது), கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் மற்றும் பேக்கிங், ஸ்டோர், கணக்கும் ஆள் பதிவும். ஆள் பெயரை இப்போது எழுதக் கூடாது. எழுதினால் ‘மச்சானுக்கு என்ன கொடுப்பது’ என்று மனசு வேறு பக்கம் போய்விடும். எல்லாக் கட்டமும் முடிந்த பிறகு பென்சிலால் பெயர் போடுங்கள். ஒருவர் பெயர் இரண்டு கட்டத்தில் வருவது தவறில்லை, சிறிய கம்பெனியில் அப்படித்தான் வரும். ஆனால் இரண்டு ஜோடிகள் மட்டும் ஒரே கையில் இருக்கவே கூடாது.

முதல் ஜோடி தையலும் செக்கிங்கும். செக்கிங் ஆள் தையல் சூப்பர்வைசருக்குக் கீழ் இருந்தால், கப்பலுக்கு நாள் நெருங்கும்போது ‘இதை விடுங்கள், போகும்’ என்ற வார்த்தை வரும். அந்தப் பீஸ் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் மாட்டும். பெட்டியைப் பிரித்து, திருத்தி, மறுபடி மடித்துக் கட்டும் செலவு, தையல் லைனிலேயே திருத்துவதைப் போல் பல மடங்கு. எனவே செக்கிங் நேரடியாக உங்களுக்கு அறிக்கை தரட்டும். இரண்டாவது ஜோடி, சரக்கு வாங்குவதும் அதை ஸ்டோரில் வரவு வைப்பதும். காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆள் எடுக்கும் வரிசை இப்படி இருந்தால் நல்லது: முதலில் ஸ்டோர் கீப்பர். அடுத்து, வாங்குபவரிடம் மின்னஞ்சலில் பேசி ஆர்டரைப் பின்தொடரும் மெர்சன்டைசர். மூன்றாவது, இரண்டாம் லைனுக்கு சூப்பர்வைசர். ஒரு சூப்பர்வைசருக்கு 25 முதல் 30 மெஷின் வரை சரி, அதற்கு மேல் போனால் அவர் லைனின் ஒரு முனையில் நின்றுகொண்டு மறு முனையை மறந்துவிடுவார். இவர்கள் மூவரும் நிலைத்த பிறகுதான் புரொடக்ஷன் மேனேஜர். கீழே ஆள் இல்லாமல் மேனேஜரை முதலில் கொண்டுவந்தால், ஊழியர் கேட்பதை உங்களிடம் கொண்டுவந்து, நீங்கள் சொல்வதைத் திரும்பக் கொண்டுபோகும் தபால்காரராகத்தான் இருப்பார்.

பதவி கொடுத்தால் பண வரம்பும் கொடுக்க வேண்டும். ஸ்டோர் கீப்பர் ஒரு தடவைக்கு 2,000 ரூபாய், மேனேஜர் 10,000 ரூபாய் வரை கேட்காமல் செலவழிக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள்; தொகை உங்கள் கம்பெனிக்கு ஏற்றபடி. விலை சொல்வது, புது வாங்குபவரை எடுப்பது, பீஸ் ரேட் (ஒரு பீஸுக்கு இவ்வளவு கூலி) வைப்பது ஆகிய மூன்றும் உங்களிடமே இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. காலையில் ஷெட்டுக்குள் போய், சூப்பர்வைசர் நிற்கும்போதே ‘அந்த ஓவர்லாக் மெஷினை இங்கே மாற்று’ என்று டெய்லரிடம் நேரே சொல்வீர்கள். அன்றிலிருந்து அந்த சூப்பர்வைசரின் பேச்சு எடுபடாது. சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லுங்கள். லீவு கேட்டு உங்கள் அறைக்கு வருபவரையும் அவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: நாளுக்கு 1,500 டி-ஷர்ட் வேண்டும் என்று ஆர்டர். எத்தனை டெய்லர் எடுப்பது என்று ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். சரியான கணக்கு எது? (அவிநாசி வாசகர்)

மூன்று எண் தெரிந்தால் போதும்: பீஸ் எண்ணிக்கை, ஒரு பீஸ் தைக்க ஆகும் நிலையான நிமிடம், லைனின் உண்மையான திறன்.

உங்கள் டி-ஷர்ட்டைத் தைக்க எல்லா ஆபரேஷனும் சேர்த்து 8 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 1,500 பீஸுக்கு 12,000 நிமிடம். ஒரு ஷிப்ட் 480 நிமிடம். திறன் 50 சதவீதம் என்றால் ஒரு டெய்லரிடமிருந்து கிடைப்பது 240 நிமிடம். 12,000-ஐ 240-ஆல் வகுத்தால் 50 டெய்லர். இதோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. தினமும் பத்தில் ஒருவர் வருவதில்லை என்றால், 50-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும்; பதிவேட்டில் 56 பேர் இருந்தால்தான் மெஷினில் 50 பேர் உட்காருவார்கள்.

அதே லைனின் திறன் 60 சதவீதமானால்? ஒருவரிடம் 288 நிமிடம், மெஷினில் 42 பேர், பதிவேட்டில் 47. ஒன்பது பேர் மிச்சம். ஆகவே ஆள் தேடிப் போகும் முன், பழைய லைனில் நேரம் எங்கே போகிறது என்று மூன்று நாள் நின்று பாருங்கள். கட்டு வராமல் காத்திருப்பது, நூல் கலர் மாறும்போது நிற்பது, மெக்கானிக் வரும்வரை சும்மா இருப்பது. இவை டெய்லர் கையில் இல்லாத குறைகள். இன்னும் பத்துப் பேரைப் போட்டால் காத்திருப்பவர்களின் எண்ணிக்கைதான் கூடும்.

இந்தக் கணக்கை ஒரு ஷிப்டுக்கே போடுங்கள். ஒன்றரை ஷிப்டை வைத்துத் திட்டமிட்டால், ஆர்டர் தாமதமாகும்போது நீட்டுவதற்கு உங்களிடம் நேரம் மிச்சமிருக்காது. இரவு எட்டு மணித் தையலில் ஆல்டரேஷனும், அதாவது திருத்த வேண்டிய பீஸும், அதிகம் விழும். டெய்லருக்குத் துணை நிற்கும் கைமடி, செக்கிங், அயர்ன் ஆட்களுக்கும் இதே வழிதான்: ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம் என்று உங்கள் ஷெட்டிலேயே கடிகாரம் வைத்து அளந்து வகுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கம்பெனி எண்ணை வாங்கிவராதீர்கள், அவர்கள் துணி வேறு, டிசைன் வேறு.

காலண்டரையும் பக்கத்தில் வையுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு நம் ஊர் ஆட்கள் போவார்கள். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் வரும் சத் பூஜைக்கும் ஹோலிக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் போவார்கள், போய் வரவே பல நாளாகும். ஷிப்மென்ட் தேதியை ஒப்புக்கொள்ளும் முன் இந்த நான்கையும் சிவப்பு மையில் குறித்திருக்க வேண்டும்.

கேள்வி: கோவையில் மெஷின் ஷாப். என்னிடம் உள்ள மிகச் சிறந்த சி.என்.சி. (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஆபரேட்டரை சூப்பர்வைசராக்கினேன். இப்போது மெஷினும் சரியாக ஓடவில்லை, அவரும் சந்தோஷமாக இல்லை. எங்கே தவறு?

இரண்டு தவறு. முதலாவது சம்பளக் கணக்கு. மாதம் 18,000 ரூபாய் வாங்கும் ஆபரேட்டருக்கு, 26 நாள், 8 மணி என்று வகுத்தால் மணிக்கு சுமார் 86 ரூபாய் 50 காசு. ஓவர்டைம் இரட்டிப்பு, அதாவது 173 ரூபாய். மாதம் 16 மணி நேரம் செய்தால் கூடுதலாக 2,768 ரூபாய். கையில் வருவது 20,768. சூப்பர்வைசராக்கி 20,000 கொடுத்து ஓவர்டைமை நிறுத்தினால், பதவி ஏறி வீட்டுக்குப் போகும் பணம் இறங்கிவிட்டது. பதவி உயர்வு தரும்போது அடிப்படைச் சம்பளத்தோடு ஒப்பிடக் கூடாது. கடந்த ஆறு மாதம் சராசரியாகக் கையில் வாங்கியதோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, மெஷினை ஓட்டுவதும் ஆட்களை வேலை வாங்குவதும் வேறு வேறு தொழில். கெட்டிக்கார ஆபரேட்டர் அடுத்தவர் தடுமாறுவதைப் பார்த்தால் ‘தள்ளு, நான் செய்கிறேன்’ என்பார். கற்றுத்தர மாட்டார். அதற்காக அவரை அதே இடத்தில் வைத்திருக்கவும் முடியாது, பக்கத்துக் கம்பெனி அழைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே இரண்டு ஏணி வையுங்கள். ஒன்று கைத்திறன் ஏணி: ஆபரேட்டர், செட்டர் (ஒவ்வொரு ஜாபுக்கும் மெஷினைத் தயார்செய்பவர்), புரோகிராமர். இன்னொன்று மேற்பார்வை ஏணி: ஆபரேட்டர், லைன் இன்ஸ்பெக்டர், சூப்பர்வைசர். மேல்படி செட்டரின் சம்பளம் சூப்பர்வைசருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

உங்கள் ஆளைப் பொறுத்தவரை, அவரைத் தனியாக அழைத்து, செட்டர் பொறுப்பைக் கேளுங்கள். சம்பளத்தைக் குறைக்காதீர்கள், எல்லோர் முன்பும் ‘இறக்கிவிட்டோம்’ என்ற பேச்சு வரக் கூடாது. புதிதாக வரும் ஜாப் எல்லாவற்றுக்கும் செட்டிங் இவர் பொறுப்பு என்று அறிவியுங்கள். இனிமேல் யாரையும் மேற்பார்வைக்கு உயர்த்தும் முன் மூன்று மாதம் தற்காலிகமாகப் பொறுப்பும் அதற்கொரு கூடுதல் படியும் கொடுத்துச் சோதியுங்கள். பழைய இடம் காத்திருக்கும் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: மதுரையில் இனிப்பு, காரக் கடை. காலை 6 முதல் இரவு 10 வரை, ஏழு நாளும் திறப்பு. மூன்றாவது கிளை திறக்கப்போகிறோம். பில் போட இரண்டு கவுண்டர். நான்கு பேர் போதும் என்று நினைக்கிறேன்.

போதாது. ஒரு கவுண்டர் வாரத்துக்கு 112 மணி நேரம் திறந்திருக்கிறது. ஒருவர் வாரத்துக்கு 48 மணி. 112-ஐ 48-ஆல் வகுத்தால் 2.33. வருடத்தில் விடுமுறை, உடம்பு சரியில்லாத நாள் என்று ஒருவருக்கு நான்கு வாரம் போனால், 52 வாரத்துக்கு அவர் வருவது 48 வாரம்தான், 2.33 என்பது 2.53 ஆகிறது. இரண்டு கவுண்டருக்கு 5 பேர். நான்கு பேரை வைத்து நடத்தினால், ஐந்தாவது ஆள் வேலையை யாரோ வாரவிடுப்பு இல்லாமல் செய்துகொண்டிருப்பார், ஆறு மாதத்தில் நின்றுவிடுவார்.

பெரிய கேள்வி கவுண்டர் அல்ல, சரக்கு மாஸ்டர். மூன்று கடைக்கும் ஒரே மாஸ்டரின் கைமணத்தை நம்பினால் அவர் ஊருக்குப் போகும் வாரம் மூன்று கடையும் படுத்துவிடும். மூன்றாவது கிளையில் தனி அடுப்பு வைக்காதீர்கள். ஒரே மையச் சமையல்கூடம், ஒவ்வொரு சரக்குக்கும் கிராம் கணக்கில் எழுதிய அளவு, பாகு பதம் எத்தனை டிகிரி என்பதற்கு ஒரு தெர்மாமீட்டர், மாஸ்டருக்குக் கீழே இரண்டு கைகள். ‘அளவை எழுத மாட்டேன்’ என்று மாஸ்டர் மறுப்பார். எழுதினால் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. இரண்டு பேரைத் தயார்செய்து கொடுத்தால் இவ்வளவு தொகை, மூன்று கிளைக்கும் தலைமை மாஸ்டர் என்ற பதவி என்று எழுத்தில் கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.

புதுக் கிளைக்குப் புது ஆட்களை மட்டும் அனுப்புவதும் ஆபத்து. பழைய கடையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் போகட்டும். அவர்கள் இடத்துக்குப் புதியவர்கள் இரண்டு மாதம் முன்பே பழைய கடையில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதச் சம்பளமும் கிளையின் முதலீட்டுக் கணக்கில் சேரும். டெக்கரேஷனுக்கு ஒதுக்குகிறார்கள், இதற்குத்தான் யாரும் ஒதுக்குவதில்லை.

கேள்வி: 15,000 ரூபாய் சம்பளத்தில் ஒருவரை எடுத்தால் உண்மையில் எவ்வளவு செலவு? எந்த எண்ணிக்கையில் எந்தச் சட்டம் வரும்? (ஈரோடு வாசகர்)

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) முதலாளி பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் 1 சதவீதம், 150. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், 488. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்தை முழுச் சம்பளத்துக்கும் ஒதுக்கினால் 1,250. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) வருடத்துக்கு 15 நாள் சம்பளம்; ஒரு நாள் என்பது மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தது; அப்படிப் பார்த்தால் மாதம் 4.81 சதவீதம், 721. மொத்தம் 19,409 ரூபாய். சீருடை, டீ, பயிற்சி நாட்கள் இதில் இல்லை. வங்கியில் கடன் கேட்கும்போது 15,000 என்று காட்டிவிட்டுப் பிறகு திண்டாடாதீர்கள்.

10 பேர் ஆனதும் இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி, பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள் குழு மூன்றும் வரும். 20-இல் பி.எஃப்., போனஸ். 50-இல் குழந்தைகள் காப்பகம். ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்களும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்ணிக்கையில் சேர்வார்கள், ஒருமுறை பதிந்த பிறகு ஆட்கள் குறைந்தாலும் அவை தொடரும். 19 பேரிலேயே நிறுத்திவைத்து இரண்டு கம்பெனி பெயரில் பிரிப்பவர்கள் உண்டு. ஒரே இடம், ஒரே முதலாளி, ஒரே வேலை என்றால் இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துவிடுவார்கள், பழைய பாக்கி வட்டியோடு வரும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அடிப்படைச் சம்பளத்தைச் சிறியதாகக் காட்டி மீதியைப் படிகளாகப் பிரிக்கும் பழக்கத்துக்கு அதில் கடிவாளம் இருக்கிறது: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே கணக்கிடப்படும். பழைய சம்பளப் பட்டியலை வைத்து அடுத்த வருட ஆள் திட்டம் போட்டிருந்தால், கணக்கரிடம் கொடுத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எச்.ஆர். (ஊழியர் நிர்வாக) ஆளை எப்போது எடுப்பது? (திருச்சி வாசகர்)

வருகைப் பதிவு, பி.எஃப். தாக்கல், புதிய ஆள் தேடல் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து உங்கள் கணக்கர் வாரத்தில் இரண்டு முழு நாள் செலவழிக்கும்போது. பெரும்பாலும் 50 பேரை ஒட்டி வரும். அதுவரை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. தாக்கலை வெளியே ஒரு ஆலோசகரிடம் கொடுங்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் வெளியே கொடுக்காதீர்கள்.