சமுதாயக் கூடத்தில் 'சரக்கு' விருந்து: லைசென்ஸ் கிடைக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

ஊரார் பணம் போட்டுக் கட்டிய கூடம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பிறந்தநாள், குடும்பச் சந்திப்பு என்று சேலத்திலிருந்து வருகிறவர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள். மது பரிமாற அனுமதி இருந்தால் கூடுதலாகத் தருவதாகச் சொல்கிறார்கள். ஒரு நாள் லைசென்ஸ் யாரிடம் வாங்குவது?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

வாங்க முடியாது. மனு எழுதி அலைய வேண்டாம்.

2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம். அதற்கு வெளியே பரிமாற 1981 உரிம விதிகளில் சில வகைகள் உண்டு. எஃப்.எல்.2 மனமகிழ் மன்றங்களுக்கு, எஃப்.எல்.3 நட்சத்திர ஓட்டல்களுக்கு. ஊர்க் கூடம் இவற்றில் அடங்காது. 'ஒரு நாள் லைசென்ஸ்' பேச்சு 2023 மார்ச்சில் வந்த எஃப்.எல்.12 (விழாக்களில் மது பரிமாறச் சிறப்பு உரிமம்) அறிவிப்பால் கிளம்பியது. அதில் திருமண மண்டபங்களும் இருந்தன; எதிர்ப்பு வலுத்ததும் ஏப்ரலிலேயே நீக்கிவிட்டார்கள். 'வாங்கித் தருகிறேன்' என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

ஊராரே மனமகிழ் மன்றம் பதிவு செய்தால் என்ன என்று அடுத்த யோசனை வரும். மன்ற உரிமம் உறுப்பினர்களுக்கானது; வாடகைக்கு வருகிற வெளியாட்களுக்கு ஊற்ற அது செல்லாது. 'நாங்கள் விற்கவில்லை, அவரவர் பாட்டில்' என்ற வாதமும் கைகொடுக்காது. 1937 மதுவிலக்குச் சட்டம் (முதன்முதலில் அமலானதே நம் சேலம் மாவட்டத்தில்தான், அந்த ஆண்டு அக்டோபர் 1-ல்) தன் இடத்தில் தெரிந்தே குற்றம் நடக்க விடுபவரையும் பிடிக்கும். சாப்பாட்டு பேக்கேஜில் சேர்த்துப் பணம் வாங்கினால் அது விற்பனையேதான்.

வாடகை ரசீதிலேயே 'மது கூடாது. மீறினால் வைப்புத்தொகை திரும்பாது' என்று அச்சடித்து, எடுப்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பாட்டில் திறக்கப்படுவது பெரும்பாலும் கூடத்துக்குள் அல்ல. மொட்டைமாடி, சமையலறைப் பின்பக்கம், வண்டி நிறுத்துமிடம். மாடிச் சாவி உங்கள் ஆளிடமே இருக்கட்டும். குடித்தே ஆகவேண்டும் என்பவர்களை பார் உரிமம் உள்ள நட்சத்திர ஓட்டலுக்கு அனுப்பிவிடுங்கள். வாடகை போனால் போகிறது.

இன்னொன்று: வாடகைக்கு விடும் கூடத்துக்குத் தாசில்தாரின் பொதுக் கட்டட உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது. பக்கத்தில் ஷெட் போட்டு நீட்டுவதானாலும் முன்அனுமதி தேவை.

ரிசப்ஷனில் மெல்லிசைக் கச்சேரியை பத்து மணிக்கு நிறுத்தச் சொன்னார்கள். மண்டபத்துக்குள் நடப்பதற்குமா தடை?
– வாசகி, வாழப்பாடி

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கு, சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் ஆகியவற்றுக்குள் மட்டும், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும் அளவில், விலக்கு உண்டு. சிக்கல் 'மூடிய' என்பதில்தான். பக்கவாட்டில் ஜாலி (துளையுள்ள தடுப்பு) வைத்து, மேலே தகர ஷீட் போட்ட மண்டபத்தை எந்த அதிகாரியும் மூடிய இடமாக ஏற்கமாட்டார்.

அளவும் பாருங்கள். குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. தனியார் ஒலி அமைப்பு, தன் இடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூட்டக்கூடாது. அதாவது பத்து மணிக்குப் பிறகு மதில் ஓரத்தில் 50. சாதாரணப் பேச்சொலியைவிடக் குறைவு. டிரம்ஸும் சப்-ஊஃபரும் இருந்தால் நடக்காத காரியம். கதவைச் சாத்தினால் பாட்டு அடங்கும், 'தும் தும்' அடங்காது. தாழ்ந்த அதிர்வெண் சுவரையும் கூரையையும் அதிரவைத்து வெளியேறும். அண்டை வீட்டார் புகார் அதைப் பற்றித்தான் இருக்கும். ஸ்பீக்கர்களை வீடுகள் இல்லாத பக்கம் திருப்பி, சப்-ஊஃபரைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்தி வையுங்கள். மூலையில் வைத்தால் பாஸ் இன்னும் கூடும்.

ஒலிபெருக்கிக்குக் காவல்துறையிடம் எழுத்து அனுமதி முன்பே வாங்குங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டருக்குள் என்றால் அமைதி மண்டலம். வரம்பு இன்னும் இறுக்கம். திருவிழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்வு (ஆண்டுக்கு 15 நாள்வரை) அரசு தருவது. மண்டபக்காரர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. ரிசப்ஷனை ஆறு மணிக்கே தொடங்குவதுதான் மலிவான வழி.

கல்யாணத்தில் சினிமாப் பாட்டுப் போட ராயல்டி கட்டச் சொல்கிறார்கள். கட்ட வேண்டுமா?
– வாசகர், ஓமலூர்

கல்யாணத்துக்கு வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 52(1)(இசட்ஏ) பிரிவு, மதச் சடங்குகளுக்கும், திருமண ஊர்வலத்துக்கும், திருமணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. 2023 ஜூலை 24-ல் மத்திய அரசும் இதை அறிவிப்பாகவே வெளியிட்டது. அந்த நகல் ஒன்றை மண்டப அலுவலகத்தில் ஒட்டிவையுங்கள், பேச்சு குறையும்.

பிறந்தநாள், கம்பெனி விழா, டிக்கெட் போட்ட புத்தாண்டு இரவு இந்த விலக்கில் வராது. பதிவான பாட்டுக்கு இசைத்தட்டு நிறுவனங்கள் சார்பில் பி.பி.எல். என்ற அமைப்பும், பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பும் கட்டணம் கேட்கும். நேரடிக் குழு பாடினால் பதிவு இசையின் உரிமை எழாது. பணம் கட்டும் முன் எந்த உரிமைக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் மகன், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு ஒரு கிராம மண்டபம் எடுத்திருக்கிறான். அங்கே பீர் விற்கலாமாம், உண்மையா?
– வாசகர், ஆத்தூர்

உண்மை. 'தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு' ஒன்றை உள்ளூர் கவுன்சிலுக்கு அனுப்பி 21 பவுண்டு கட்ட வேண்டும். கொடுக்கும் நாளும் விழா நாளும் போக 10 முழு வேலை நாள் இடைவெளி தேவை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைகள் கணக்கில் சேராது, பொங்கல் விழாக்காரர்கள் இதில்தான் சறுக்குவார்கள். உள்ளே 499 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, சமைப்பவர்களையும் சேர்த்து. காலை 8 முதல் இரவு 11 வரை நேரடி இசைக்கு, 500 பேர்வரை, மண்டப நிர்வாகம் சம்மதித்தால் தனி உரிமம் தேவையில்லை. ஒரு மண்டபத்துக்கு ஆண்டுக்கு 15 அறிவிப்புதான். ஜனவரியில் நடப்பதால் கணக்கு அப்போதுதான் தொடங்கியிருக்கும். மண்டபத்துக்கே நிரந்தர உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள், 21 பவுண்டு மிச்சமாகலாம்.