கார் சூடேறுகிறதா? எப்போது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: ஓஎம்ஆர் சிக்னல்களில் நின்று நின்று போகும்போது மீட்டரில் சூட்டுக்கான சிவப்பு விளக்கு எரிகிறது. திண்டிவனம் பக்கம் ஹைவேயில் போனால் ஒன்றும் இல்லை. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா அண்ணா?

அவசரப்படாதீர்கள் தம்பி. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலை ஃபேனுடையது. நின்றால் மட்டும் சூடு என்றால் ஃபேனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்றும். சுற்றவில்லையா, ஃப்யூஸ், ரிலே, கனெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தும் அசையவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் டெம்பரேச்சர் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். ஊருக்குள் நன்றாக இருந்து ஹைவே வேகத்தில் மட்டும் மீட்டரில் சூடு காட்டும் முள் ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று போக வேண்டும்.

கேள்வி: வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும்போது பானட்டிலிருந்து ஆவி வந்தது. உள்ளே குழந்தைகள். உடனே ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள்; பயந்து விட்டுவிட்டோம். சரிதானா?

மிகச் சரி அம்மா. பாதி கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), பாதி தண்ணீர் கலவை, மூடி தாங்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில், 125 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் இருக்கும். அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். கண்ணே போய்விடும். இன்ஜினை அணைத்து முக்கால் மணி நேரமாவது விடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறிய பிறகு, கனத்த துணி போட்டு மெதுவாகத் திருகுங்கள். சூடான இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது. சிலிண்டர் ஹெட்டில் (இன்ஜினின் மேல் பகுதி) விரிசல் விழுந்துவிடும்.

ஆவி வருவதற்கு முன்பே முள் ஏறுவதைப் பார்த்துவிட்டால், ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். உள்ளே வேகும், ஆனால் அது ஒரு சின்ன ரேடியேட்டர் போல வேலை செய்யும். இன்னொன்று: மூடியின் ரப்பர் தளர்ந்து, உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால் மலையில் சீக்கிரம் மாட்டிக்கொள்வீர்கள். கொடைக்கானல் உயரத்தில் திறந்த தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்.

கேள்வி: நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார். நல்லதா?

இல்லை. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைப்பதுதான் தெர்மோஸ்டாட் வால்வு. பல இன்ஜின்களில் அந்த வால்வு திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தொடாமல் இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியையும் அடைக்கிறது. வால்வு இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி இன்ஜினுக்குள் திரும்பிவிடும். அதனால் ஏற்றத்தில் இன்னும் சூடாகலாம். சமதளத்திலோ இன்ஜின் சூடாகவே நேரம் எடுக்கும். ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதல் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் விழும், தேய்மானம் கூடும். வால்வு கெட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரத்துத் தண்ணீரில் அடி தொடாமல் கயிற்றில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அதில் பொறித்திருக்கும் 82 அல்லது 88 டிகிரிக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கவில்லையா, புதிது போடுங்கள்.

கேள்வி: கூலன்ட் வாரம் அரை லிட்டர் குறைகிறது. கீழே ஒரு சொட்டு இல்லை. ஹெட் கேஸ்கெட் என்று பயமுறுத்துகிறார்கள் சார்.

இருக்கலாம். இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். ஆனால் ஹெட்டைக் கழற்ற விடுவதற்கு முன் மூன்று இடம் பாருங்கள். மூடி அழுத்தம் தாங்குகிறதா. வாட்டர் பம்ப் அடியில் காய்ந்த வண்ணக் கறை இருக்கிறதா. இடது பக்கக் கால்மிதி ஈரமாகி, கண்ணாடியில் இனிப்பு வாடையோடு புகை படிகிறதா. கடைசியது ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டரின் ஒழுக்கு.

மூன்றும் இல்லை என்றால் காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸை அமுக்குங்கள். ஓரிரு நிமிடத்திலேயே கல் மாதிரி ஆனால், கேஸ்கெட் போய் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம், இவையும் அதே கதை. (ஆயில் மூடியில் மட்டும் லேசாக வெண்மை இருந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் வரும்.) ரேடியேட்டருக்குள் எரிந்த வாயு இருக்கிறதா என்று காட்டும் பிளாக் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நீல நிறத் திரவம் மஞ்சளானால் உறுதி. ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். அலுமினிய ஹெட் சூட்டில் வளையும். லேத்தில் மட்டம் பார்த்து, பல இன்ஜின்களில் வளைவு 0.05 மி.மீ. தாண்டினாலே ஃபேசிங் செய்ய (பரப்பைச் சீவி மட்டமாக்க) வேண்டும். கம்பெனி கையேடு ஹெட் போல்ட்டைப் புதிதாகப் போடச் சொன்னால் போட்டே ஆகணும்.

கேள்வி: பச்சைக் கூலன்ட்டில் சிவப்பு கலக்கலாமா?

வேண்டாம். நிறத்தை வைத்து ரகம் தெரியாது. கையேட்டில் சொன்ன ரகம், கூட டிஸ்டில்ட் வாட்டர். போர் தண்ணீர் உப்புப் படிந்து ரேடியேட்டரை அடைத்துவிடும்.

கேள்வி: ஹோஸ் வெடித்து இன்ஜின் ஜாம் ஆனது. ஆனால் மீட்டர் முள் ஏறவே இல்லை. எப்படி?

சென்சார் தண்ணீரின் சூட்டைத்தான் அளக்கிறது. தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் அது காற்றில் நிற்கும், முள் கீழேயே கிடக்கும். அதனால் பானட் பக்கம் சூடான வாடை வந்தால் முள்ளை நம்பாதீர்கள், ஹீட்டரைப் போடுங்கள். அரை மணி நேரம் ஓடிய வண்டியில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே தண்ணீர் இல்லை. அந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். பக்கத்து ஊர் மெக்கானிக் வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.