பிக்கப்ல டிரைவர் சீட்டு ஆடுது, வெல்டிங் வச்சிடலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருந்து பாலக்காட்டுக்கு காய்கறி லோடு அடிக்கிற பிக்கப், ஏழு வருஷ வண்டி. ஒரு மாசமா டிரைவர் சீட்டு லூசா இருக்கு. பிரேக் போட்டா டக்குனு முன்னாடி ஒரு தட்டு, கிளட்ச் மிதிச்சா பின்னாடி ஒரு தட்டு. நாலு போல்ட்டையும் டைட் வச்சேன், ரெண்டு நாள் நல்லாருந்துச்சு, அப்புறம் மறுபடி அதே கதை. ஷெட்ல என்னடான்னா ரன்னரோட (சீட்டு முன்ன பின்ன நகர்ற தண்டவாளம்) சேத்து வெல்டிங் வச்சிரு, நீ ஒருத்தன் தான ஓட்டுற, முன்ன பின்ன தள்ளவா போறனு சொல்றாங்க. வச்சிடலாமா?

பதில்: வைக்காதீங்க தம்பி. ஷெட்காரங்க மேல தப்பு சொல்லல, அவங்களுக்கு அரை மணி நேர வேலை, உங்களுக்கும் சத்தம் நின்னுரும். ஆனா ஆட்டம் எங்க இருக்குன்னே இன்னும் யாரும் பாக்கல, பாக்காம வெல்டிங் வச்சா ரன்னர் மட்டும் தான் ஒட்டும், ஆடுற இடம் வேற எங்கயாவது இருந்தா அது பாட்டுக்கு ஆடிட்டே இருக்கும். அது போக சீட்டுக்குள்ள இருக்கிற ஃபோம் சட்டுனு பத்திக்கிற சாமான், அந்த புகைய மூச்சுல இழுக்கவே கூடாது. கீழ வயரிங் ஓடும், சில வண்டில தரைக்கு அந்தப் பக்கம் டீசல் லைனே போகும். ரன்னர் தகடு கெட்டியான இரும்பு, வெல்டிங் சூட்டுல ஒட்டின இடத்துக்குப் பக்கத்துலயே அதோட பலம் மாறிரும், அப்புறம் விரிசல் விட ஆரம்பிக்கிறதும் அங்கேயே தான்.

சீட்டு எவ்ளோ இழுப்பு தாங்கணும்னு ஒரு கணக்கு சொல்றேன். அமெரிக்காவுல 207ம் நம்பர் பாதுகாப்பு விதினு ஒண்ணு இருக்கு, அதுல சீட்டோட எடைய போல 20 மடங்கு விசைல முன்னாடியும் பின்னாடியும் இழுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. சீட்டு 18 கிலோன்னா 360 கிலோ இழுப்பு. பெல்ட் பக்கிள் சீட்டு ஃப்ரேம்லயே மாட்டியிருந்தா பெல்ட்டோட இழுப்பும் அது மேல சேரும். உங்க வண்டில பக்கிள் தரையில இருக்கா சீட்டுல இருக்கானு முதல்ல குனிஞ்சு பாருங்க. சீட்டுல இருந்துச்சுன்னா இந்த வேலைய நாளைக்கு தள்ளி போடாதீங்க, ஏன்னா இடிச்சா உங்கள புடிச்சு வைக்க வேண்டிய பெல்ட்டே அந்த நாலு போல்ட்ட நம்பி தான் இருக்கு.

சரி, ஆட்டத்த எப்படி புடிக்கிறது. வண்டிய சமதரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கிளீனர் தம்பியவோ வீட்டுல யாரையாவதோ சீட்டுல உக்கார வச்சு முன்ன பின்ன அசைய சொல்லுங்க, நீங்க டார்ச் அடிச்சு கீழ பாருங்க, கண்ணுக்கு தெரியலன்னா ஒவ்வொரு மூட்டுலயும் விரல வச்சு பாருங்க, ஆடுற இடத்துல விரலுக்கு தெரிஞ்சிரும் (லிவர் பக்கம் விரல விடாதீங்க, நசுங்கிரும்). மொத்த சீட்டும் காலோட சேந்து தரையில இருந்தே அசைஞ்சா போல்ட் பக்கம். கால் நிக்குது, மேல் ரன்னர் மட்டும் முன்ன பின்ன போகுதுன்னா லாக் பக்கம். அடி சீட்டு கல்லு மாதிரி இருக்கு, சாய்மானம் மட்டும் ஆடுதுன்னா சாய்க்கிற லிவரோட பல்லு தேஞ்சிருக்கு, அத கழட்டி ரிப்பேர் பண்ண பாக்காதீங்க, செட்டா மாத்துறது தான் வழி.

உங்க விஷயத்துல எனக்கு முதல் சந்தேகம் எங்கன்னா, டைட் வச்சா ரெண்டு நாள் நிக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அங்க தான். ஒழுங்கா இறுகின போல்ட் ரெண்டு நாள்ல லூசாகாது. லூசாகுதுன்னா அது இரும்போட இரும்ப புடிக்கல, நடுவுல மெத்துன்னு ஏதோ இருக்கு. புது ஃப்ளோர் மேட் போட்டீங்களா? சீட்டு கவர் அடிச்சீங்களா? நம்மூர்ல மேட் போடுறவங்க நிறைய பேரு ஓட்டை வெட்ட சோம்பல் பட்டு சீட்டு காலுக்கு அடியிலேயே மேட்ட விட்டு மேல போல்ட்ட முறுக்கி விட்ருவாங்க. ரப்பர் நாளாக நாளாக அமுங்கும், போல்ட்டுல இழுப்பு போயிரும், இழுப்பு போன போல்ட் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமா கழண்டு வரும். டைட் வைக்க வைக்க இன்னும் அமுங்கும், அவ்ளோ தான். இது மாதிரி ஒரு வண்டிய நானே ரெண்டு தடவை டைட் வச்சு அனுப்பிட்டு, மூணாவது தடவை வந்தப்ப தான் காலுக்கடியில மேட் இருக்கிறத பாத்தேன், சொல்லவே வெக்கமா இருக்கு.

இன்னொன்னு, போல்ட் அளவு. பழசு தொலைஞ்சு யாராவது நீளமான போல்ட் போட்ருந்தா அது கீழ போய் முட்டி நின்னுரும், ஸ்பேனருக்கு டைட்டா தெரியும், ஆனா கால புடிச்சிருக்காது. இல்லன்னா தரைக்கு அடியில ஒட்டியிருக்கிற நட்டுல மரை போயிருக்கும், இல்ல அந்த நட்டே ஒட்டு விட்டு போல்ட்டோட சேந்து சுத்தும். காய்கறி லோடுன்னா ஈரக்காலோட ஏறி இறங்குவீங்க, மேட்டுக்கு அடியில தண்ணி நின்னு தரை துருப்பிடிச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு, ஸ்க்ரூ டிரைவர் முனையால கால சுத்தி குத்தி பாருங்க, பொத்துன்னு உள்ள போனா டிங்கரிங் வேலை, போல்ட்டால தீராது.

கழட்டுற முறைய சொல்றேன். சீட்ட முழுசா பின்னாடி தள்ளி முன் போல்ட் ரெண்டு, முழுசா முன்னாடி தள்ளி பின் போல்ட் ரெண்டு. கழட்டுறதுக்கு முன்னாடி அடியில வயர் ஏதாவது போகுதானு பாருங்க, அதுல மஞ்சள் கலர் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக் இல்லன்னா பெல்ட் டென்ஷனர் (இடிச்சா பெல்ட்ட இறுக்குற சாமான்) சமாச்சாரம், பேட்டரி மைனஸ் கழட்டி பத்து நிமிஷம் விட்டுட்டு தான் தொடணும், முடிஞ்சா அத சர்வீஸ் சென்டர்லயே விடுங்க. சீட்ட வெளிய எடுத்ததும் மேட்ட கால் அளவுக்கு வெட்டி எடுங்க, காலோட அடிப்பக்கத்தையும் தரையையும் கம்பி பிரஷ் போட்டு துரு போக தேய்ங்க. போல்ட்ட கையாலயே நட்டுல விட்டு பாருங்க, கடைசி வரைக்கும் கையிலயே இறங்கணும், பாதியில சிக்குனா மரை வெட்டுற டேப் கருவிய விட்டு மரைய சுத்தம் பண்ணுங்க. நட்டு முழுசா போயிருந்தா அடியில தடிமனான பிளேட் வச்சு புது நட்டு போடுறது தான் சரியான வேலை, சின்ன வாஷர் வச்சு சமாளிச்சா தரை தகடு கிழியும்.

புது போல்ட் வாங்கும்போது தலைய பாத்து வாங்குங்க, பலத்தோட ரகம் 8.8 இல்லன்னா 10.9னு அச்சு இருக்கணும், பழசுல என்ன இருந்துச்சோ அதுக்கு குறையக்கூடாது. அச்சே இல்லாத சாதா போல்ட் பெரும்பாலும் 4.6 ரகம், 8.8ல பாதி பலம் தான். ஆணிக்கடையில 'எல்லாம் ஒண்ணு தான் சார்'னு குடுப்பாங்க, ஒண்ணு இல்ல.

மாட்டும்போது தான் நிறைய பேரு கோட்டை விடுறது. நாலு போல்ட்டையும் முதல்ல கையால பாதி இறக்குங்க, எதையும் டைட் வைக்காதீங்க. ரெண்டு பக்க ரன்னரும் ஒரே பல்லுல லாக் ஆகியிருக்கானு பாருங்க, வலது ஒரு பல்லு முன்னாடி இடது ஒரு பல்லு பின்னாடி நின்னா சீட்டு கோணலா உக்காரும், ஒரு பக்க லாக் அரைகுறையா தான் விழும். சீட்ட முழுசா முன்ன பின்ன ரெண்டு தடவை ஓட்டி பாத்து, லேசா போகுதுன்னா அப்புறம் டைட் வைங்க. மேனுவல்ல போட்ருக்கிற டார்க் எண் (எவ்ளோ விசைல முறுக்கணும்ங்கிற அளவு) தான் கணக்கு, அது கைல இல்லன்னா 8.8 ரகத்துல 10 எம்எம் போல்ட்டுக்கு பொதுவா 40ல இருந்து 50 நியூட்டன் மீட்டர், 8 எம்எம்னா 20ல இருந்து 25. டார்க் ரெஞ்ச் இல்லையா, ஒரு சாண் நீள ஸ்பேனரோட நுனியில 20 கிலோ எடை தொங்குற மாதிரி இழுத்தா சுமாரா 40 வரும். மரையில நீல கலர் லாக்டைட் (போல்ட் கழண்டு வராம புடிக்கிற பசை) ரெண்டு சொட்டு போதும், சிவப்பு வேணாம், அடுத்த தடவை கழட்ட சூடு காட்டணும்.

இதெல்லாம் பண்ணியும் தட்டு நிக்கலன்னா லாக் தான். லிவர் ஒரு பக்கத்த நேரா இழுக்கும், இன்னொரு பக்கத்துக்கு கம்பியோ கேபிளோ போகும், அந்த கேபிள் தொய்ஞ்சோ ஸ்ப்ரிங் கழண்டோ போனா ஒரே பக்க லாக்ல வண்டி ஓடிட்டு இருக்கும், உங்களுக்கு தெரியவே தெரியாது. ரன்னருக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க, ஒரு ரூபா காசு, புளியங்கொட்டை, ஜல்லி எல்லாம் நான் எடுத்திருக்கேன். ஒரு சின்ன சோதனை, நீங்க எப்பவும் உக்கார்ற இடத்த விட்டு ஒரு பல்லு முன்னாடி தள்ளி லாக் பண்ணி பாருங்க, அங்க ஆட்டம் இல்லன்னா உங்க பல்லு மட்டும் தேஞ்சிருக்கு, ரன்னர் செட் வர்ற வரைக்கும் அந்த இடத்துலயே ஓட்டலாம். எங்க வச்சாலும் நழுவுதுன்னா அந்த சீட்டோட மலைப்பாதை வேணாம், கிளட்ச் மிதிக்கிற நேரத்துல சீட்டு பின்னாடி போனா கால் பெடல விட்டு வந்துரும்.

சில பேரு ரன்னர் உதட்ட சுத்தியலால தட்டி இறுக்குவாங்க, உள்ள உருள்ற இரும்பு குண்டு சிக்கிக்கும், லாக்கும் ஒழுங்கா விழாது. பழைய இன்ஜின் ஆயில் ஊத்துறதும் வேணாம், மண்ணோட சேந்து அரைக்கிற மாவா ஆயிரும், பழச துடைச்சிட்டு வெள்ளை கிரீஸ் ஒரு விரல் தடவுனா போதும். ரன்னர் செட்ட காயலாங்கடையில எடுக்குறதா இருந்தா இடிச்ச வண்டில இருந்து எடுத்தத வாங்காதீங்க, ரெண்டையும் தரையில பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா வளைவு தெரிஞ்சிரும்.

மாட்டி முடிச்சு ஒரு பாலக்காடு டிரிப் போயிட்டு வந்ததும் நாலு போல்ட்டுலயும் ஸ்பேனர் வச்சு பாருங்க. போல்ட் தலையிலயும் காலுலயும் சேத்து பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வச்சீங்கன்னா ஸ்பேனரே தேவையில்ல, கோடு விலகியிருந்தா மறுபடி லூசாகுதுன்னு அர்த்தம், அப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.