நெபுலா படத்துக்கு டெலஸ்கோப் இப்போது வேண்டாம்

கேள்வி: காரைக்குடி பக்கம் கல்யாண போட்டோ எடுக்கிறேன். க்ராப் சென்சார் கேமரா, 85 மி.மீ. லென்ஸ், டிரைபாட் இருக்கின்றன. மொட்டை மாடியிலிருந்து ஓரியன் நெபுலாவை (வானத்தில் ஒளிரும் வாயு மேகம்) எடுத்தால் சாம்பல் கறையாகத்தான் விழுகிறது. தெரிந்தவர் ஒருவர், 525 மடங்கு பெரிதாகக் காட்டும் டெலஸ்கோப் வாங்கித் தருகிறேன், கேமராவையும் மாடிஃபை செய்து தருகிறேன் என்று அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. ஓரியன் நெபுலா வானத்தில் ஒரு டிகிரிக்கு மேல் அகலம், அதாவது முழு நிலாவைப் போல இரண்டு மடங்கு. அது சின்னதாக இருப்பதால் உங்கள் படத்தில் வராமல் போகவில்லை, மங்கலாக இருப்பதால்தான் வரவில்லை. பெரிதாக்கினால் மங்கல் இன்னும் மங்கும். அந்த 525 என்பது கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸின் கணக்கு, கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அட்டைப்பெட்டியில் மடங்குக் கணக்கை முதலில் போட்டு விற்கிற டெலஸ்கோப்பின் ஸ்டாண்டைத் தொட்டுப் பாருங்கள், காற்றடித்தாலே ஆடும். வாங்கித் தருபவருக்குக் கமிஷன் கிடைக்கும், உங்களுக்குப் பரணில் ஒரு பெட்டி சேரும்.

மாடிஃபை பேச்சு இன்னும் மோசம். நெபுலாவின் ஹைட்ரஜன் சிவப்பை, 656 நானோமீட்டர் வெளிச்சத்தை, கேமராவுக்குள் இருக்கும் ஃபில்டர் பெரும்பகுதி தடுத்துவிடும். அதைக் கழற்றுவதுதான் மாடிஃபை. கழற்றிய கேமராவோடு முகூர்த்தத்துக்குப் போனால் பெண் முகமும் பட்டுப்புடவையும் சிவப்பேறி நிற்கும். பிழைப்புக் கேமராவில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். மற்ற நெபுலாக்களோடு பார்த்தால் ஓரியன் நெபுலா பிரகாசமானது, அதற்கு இது தேவையே இல்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? தை மாதம், அமாவாசையை ஒட்டி, இரவு பத்து மணி வாக்கில் நம் ஊரில் ஓரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். டவுனை விட்டு ஒரு கண்மாய்க்கரைக்குப் போங்கள், துணைக்கு ஆள் வேண்டும். லென்ஸ் அபர்ச்சரை 2.8-இல் வையுங்கள், ஐஎஸ்ஓ 1600, ரா ஃபைல், ஒவ்வொரு படமும் 2 விநாடி. அதைத் தாண்டினால் பூமி சுழல்வதால் நட்சத்திரம் கோடாக இழுக்கும். இப்படி 600 படம், ரிமோட் வைத்துத் தொடர்ந்து எடுங்கள். மொத்தம் 20 நிமிட வெளிச்சம். முடிந்ததும் மூடியைப் போட்டு அதே செட்டிங்கில் 30 படம் எடுங்கள், அவைதான் டார்க் ஃபிரேம், கேமராவே உண்டாக்கும் புள்ளிகளைப் பிறகு கழிக்க உதவும். பனி இறங்கி லென்ஸ் மூடுகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

இந்த 2 விநாடிக் கணக்குக்கு ஒரு விலக்கு உண்டு, அது நமக்கு லாபமான விலக்கு. ஓரியன் வான நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் வேகமாக நகர்கிறது. துருவத்தை நெருங்க நெருங்க நகர்வு குறையும். தெற்கே 60 டிகிரியில் இருக்கும் கரீனா நெபுலா பாதி வேகத்தில்தான் போகும், அதனால் அதற்கு 4 விநாடி வரை தாங்கும். சித்திரைத் தொடக்கத்தில் இரவு ஒன்பதரைக்கு நேர் தெற்கில் 20 டிகிரி உயரத்தில் நிற்கும். ஓரியனை விடவும் அகலம். டெல்லிக்காரர்களுக்கு அடிவானத்தோடு ஒட்டிக்கிடப்பது நமக்கு வசதியாகக் கிடைக்கிறது. தெற்குப் பக்கம் பனைமரமும் தெருவிளக்கும் இல்லாத இடமாகப் பாருங்கள்.

அப்படி ஒரு இடம் கிடைப்பதுதான் நாளுக்கு நாள் கஷ்டமாகி வருகிறது. நாலு கடை இருக்கிற முக்கு ரோட்டுக்கும் ஹைமாஸ்ட் விளக்கு, மேலே ஒரு மூடி கிடையாது, பாதி வெளிச்சம் வானத்துக்குப் போகிறது. லடாக்கில் ஹான்லேயை 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்க முடிந்தது, இங்கே விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பச் சொல்லி மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளவே ஆளில்லை. இதைச் சாக்காக வைத்து 'லைட் பொல்யூஷன் ஃபில்டர்' விற்க வருவார்கள். இப்போதைய வெள்ளை எல்ஈடி வெளிச்சம் எல்லா நிறத்திலும் பரவியிருப்பது, சாதாரண ஃபில்டர் அதைப் பிரித்தெடுக்காது.

வீட்டுக்கு வந்ததும் சிரில் என்ற இலவச மென்பொருளில் 600 படத்தையும் டார்க் ஃபிரேம்களோடு அடுக்கி ஒரே படமாக்குங்கள். வெளியே வருவது கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக இருக்கும், நாலைந்து நட்சத்திரம் தெரியும். பலரும் இங்கேதான் பயந்துபோய் யூடியூபில் பிரிசெட் (ரெடிமேட் எடிட்டிங் செட்டிங்) வாங்குகிறார்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை. ஹிஸ்டோகிராமில், அதாவது படத்தின் இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலுமாகக் காட்டும் வரைபடத்தில், எல்லாம் இடது சுவரை ஒட்டி ஊசிபோல நிற்கும், நெபுலா அதற்குள்தான் இருக்கிறது. முதலில் பின்னணிப் பழுப்பை நீக்குங்கள், பிறகு நடு ஸ்லைடரை இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ரோஜா நிறத்தில் இரண்டு சிறகு விரியும். வானம் கரும்சாம்பலாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். மையைப்போல கறுப்பாக்க ஆசைப்பட்டால் சிறகின் ஓரம் போய்விடும்.

இதைச் செய்து பார்த்துவிட்டு இன்னும் வேண்டும் என்றால், வானத்தோடு சேர்ந்து திரும்பும் டிராக்கர் வாங்கலாம். அதை வடதுருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும், நம் ஊரில் அது வெறும் 10 டிகிரி உயரத்தில், தென்னைமரத்துக்குப் பின்னால்தான் இருக்கும். கடைக்குப் போகும் முன்னால் உங்கள் மாடியிலிருந்து வடக்கே அது தெரிகிறதா என்று ஒரு ராத்திரி பார்த்துவிடுங்கள்.